பெரியம்மாவின் ஆட்டுப்பட்டி

மலைநாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் தேயிலையில் தொடங்கித் தேயிலையிலேயே முடித்துவிடுவது வழக்கம். அருவியும் மூடுபனியும் சிவனொளிபாத மலையும் இடையிடையே வந்து போகும். அந்த மலையிலே பிறந்து, லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கின் கீழ்ப் படித்து, இன்று கொழும்பில் கல்லூரி ஆசிரியனாய் இருக்கும் நான், அவற்றையெல்லாம் விட்டுவிட்டு எட்டு ஆடுகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் நான் மரக்கறி உண்பவன். ஆட்டு வியாபாரத்திலே எனக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையே கேட்டாள்.

2023ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதற்கு முந்திய வாரம் என் பெரியம்மாவின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, அம்மாச்சி ஆடு விக்கப்போறாங்க. யாவாரி சொல்ற விலைக்குச் சம்மதிக்க மாட்டேங்கிறாங்க. நீங்க வந்தா நல்லது” என்றாள். அவள் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். தங்குமிடத்துக்கு முற்பணம், மெத்தை, துணிமணி, புத்தகம், பிரயாணச் செலவு என்று கூட்டிப் பார்த்ததில் 95,000 ரூபாய் வந்திருந்தது. அந்தப் பணம் பட்டியிலே நான்கு கால்களில் நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமைக்கு முந்திய வியாழனன்று அதிகாலையிலே கோட்டை நிலையத்தில் புகையிரதம் ஏறினேன். கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது 1867இல். அதே ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் கொண்டுபோன பிறகு பாதையும் தேயிலையும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டு மலை ஏறின. பாதை 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி மூச்சிரைக்கத் தொடங்கும். வட்டவளையில் சன்னலை மூடவேண்டும். இலங்கையிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. 4,000 அடிக்கு மேல் இருக்கும் அட்டன் நிலையத்தில் இறங்கும்போது, கொழும்பில் உடுத்த சட்டை போதாது என்று உடம்பு சொல்லும். அங்கிருந்து பொகவந்தலாவை வஸ்ஸில் ஏறி, டிக்கோயாவையும் மின்னிய காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் கடந்து, நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் சந்தியில் இறங்கினேன்.

பெரியம்மா இப்பொழுது லயத்தில் இல்லை. தோட்டத்து மக்களுக்கென்று அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட சிறு வீடுகளில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. வீடு 550 சதுர அடி. நிலம் 7 பேர்ச்சஸ். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடியும் கொஞ்சமும் ஆகையால், மொத்தம் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சிய நிலத்திலே கொஞ்சம் லீக்ஸ், கொஞ்சம் பீட்ரூட், ஒரு துணி காயவைக்கும் கம்பி, சரிவின் ஓரத்திலே ஆட்டுப்பட்டி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் நிலத்திலே வியர்வை சிந்திய ஒரு குடும்பத்தின் முதற் சொந்த நிலம் அது. அதில் காலால் அளந்து அளந்து இடம் ஒதுக்கியிருந்தாள் பெரியம்மா.

“வா தம்பி. ரயில்ல குளிரா இருந்திச்சா?” என்றாள். அடுத்த வார்த்தையே ஆட்டைப் பற்றியதுதான்.

ஆடு மலைக்குரிய பிராணி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய ஈரானின் சாக்ரோஸ் மலைச்சாரல்களில் மனிதர் அதைப் பழக்கியதாக ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆனால் அது வறண்ட மலை. குளிரை ஆடு தாங்கும், ஈரத்தைத் தாங்காது. யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் வேலியோரத்தில் கட்டிவிட்டாலே வளர்ந்துவிடும் பிராணி, அட்டன் பக்கத்தில் வைகாசி முதல் புரட்டாதி வரை விடாது பெய்யும் தென்மேல் பருவ மழையிலே நெஞ்சில் சளி கட்டியும், குளம்பு அழுகியும், வயிற்றுப் புழுவாலும் செத்துப்போகும். ஆகவே மலைநாட்டில் ஆடு வளர்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது தீனியையன்று, தரையையே.

பெரியம்மாவின் பட்டி தரையிலிருந்து நாலடி உயரத்தில் நிற்கிறது. கிரேவிலியாக் கம்புகள் நான்கு மூலைகளிலும். தளத்திலே அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள். அந்த இடைவெளியில் இருக்கிறது சூட்சுமம். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழவேண்டும். குட்டியின் கால் விழக் கூடாது. வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடியாவது வேண்டும் என்பது கணக்கு. மேலே பழைய தகரம். காற்றடிக்கும் பக்கத்தில் உரச் சாக்குகளை வெட்டித் தைத்த படங்கு. எதிர்ப்பக்கம் திறந்திருந்தது. “நாலு பக்கமும் மூடினா சூடா இருக்குமே?” என்றேன், படித்தவன் என்ற தோரணையில். “மூடினா மூத்திரக் காந்தல் நெஞ்சுல ஏறும். பிறகு ஆடு இருமும்” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பட்டியில் எட்டு உருப்படிகள். மூன்று பெட்டை, அவற்றின் சென்ற ஈற்றுக் கிடாய்க் குட்டிகள் மூன்று, ஒரு பெட்டைக் குட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக, கொம்பு வளைந்த கருங்கிடாய் ஒன்று. அந்தக் கருப்பனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெட்டைகள் மூன்றும் நாட்டாடுகள். கிடாய் மட்டும் வெளியிலிருந்து. உத்தரப் பிரதேசத்துச் சம்பல், யமுனை ஆற்றுப் பக்கத்து இனமாகிய ஜமுனாபாரியின் கலப்புக் கிடாய் ஒன்றை அடுத்த தோட்டத்தில் ஒருவர் வைத்திருக்கிறார். நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்குமாக, ஏதோ சமஸ்தானத்து மந்திரியைப் போல் நிற்கும் பிராணி. சிறு பட்டிக்குச் சொந்தக் கிடாய் வேண்டியதில்லை. தின்னும் தீனிக்கு வேலை இராது. அதுமட்டுமன்று, சொந்தக் கிடாயையே வைத்திருந்தால் இரண்டு வருஷத்தில் அது தன் மகளையே சேரும். குட்டிகள் சூம்பிப் பிறக்கும். ஆகவே பெட்டை பருவத்துக்கு வந்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓயாமல் கத்தும்போது, பெரியம்மா அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மலைக் குறுக்குப் பாதையால் நடப்பாள். பருவம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பஞ்சாங்கம் வந்து சேர்கிறது. ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள், அதாவது ஐந்து மாதம். மலைநாட்டில் ஆட்டுக்கு உச்ச விலை கிடைப்பது தீபாவளிக்கு. தோட்டங்களில் தீபாவளியே பெருநாள். முற்பணம் கைக்கு வருவதும் அப்பொழுதுதான். லயத்தில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும். முஸ்லிம் மக்களின் ஹஜ்ஜுப் பெருநாளிலும் நல்ல கிராக்கி உண்டு. ஆனால் அது சந்திர மாதக் கணக்காகையால் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து போகும். ஐப்பசியில் பத்து மாதக் கிடாய் வேண்டுமானால் மார்கழியில் குட்டி பிறக்கவேண்டும். மார்கழியில் பிறக்க ஆடியில் சேர்க்கவேண்டும். கணக்கு அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் மார்கழி, தை இரவுகளில் மேட்டு மலைகளில் உறைபனி விழும். பிறந்த குட்டியின் மயிர் காயுமுன் குளிர் பிடித்தால் விடிவதற்குள் விறைத்துப்போகும். நல்ல விலைக்கு ஆசைப்பட்டால் மார்கழி. குட்டி பிழைக்கவேண்டுமானால் மாசி, பங்குனி. பெரியம்மா மார்கழியையே தேர்ந்தாள். ஐந்து குட்டி பிறந்தன, ஒன்று போயிற்று. மற்ற நான்கையும் ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்து, பழைய கம்பளியில் சுற்றி, அடுப்பங்கரையிலே தன்னோடு வைத்துக்கொண்டாளாம். பேத்தி பரீட்சைக்குப் படித்ததும் அதே அடுப்பங்கரைதான்.

தீனி விஷயம் தேயிலைத் தோட்டத்திலே கொஞ்சம் நுட்பமானது. எங்கு பார்த்தாலும் பச்சை. ஆட்டுக்கு மட்டும் இல்லை. ஆட்டை மலைக்குள் விட்டால் தளிரைக் கறிக்கும். தோட்டத்தோடு வழக்கு வரும். வீதியோரப் புல்லிலே களைநாசினி தெளித்திருப்பார்கள். தெளித்த நாள் யாருக்கும் நினைவிராது. ஆகையால் ஆட்டைக் கட்டிவைத்து, தீனியை அதனிடம் கொண்டுவர வேண்டும். ஓர் ஆட்டுக்கு நாளுக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தழை. பெரியம்மாவின் மகள், என் அக்கா, மாலை நாலரைக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஓடைக்கரையில் ஒரு கட்டு அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். கொழுந்துக்கூடை முதுகில், புற்கட்டு தலையில். நிழலுக்கு நட்ட முள்முருக்கின் கிளை கழிக்கும் நாள் ஆடுகளுக்குப் பெருநாள். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மண்ணைத் தேற்றுவதற்காகக் குவாட்டமாலாப் புல்லும் மாணாப் புல்லும் வளர்ப்பார்கள். முன்னதை ஆடு தின்னும், பின்னதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காலைப் பனி காயாத புல்லைப் பெரியம்மா ஒருபோதும் கொடுப்பதில்லை. பனியோடு புழுவின் குஞ்சுகள் நுனிப்புல்லில் ஏறி நிற்கும் என்பதைக் கால்நடை வைத்தியர் அவளுக்குச் சொல்லியிருந்தார். வயிறு உப்பும் என்பதை அவளே அறிவாள். வாரத்துக்கொருமுறை ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் விரித்துப் பார்க்கிறாள். சிவப்பாயிருந்தால் நலம், வெளுத்திருந்தால் புழு இரத்தம் குடிக்கிறது, மருந்து கொடுக்கவேண்டும். என்னுடைய கீழிமையையும் பிடித்துப் பார்த்து, “கொழும்புல ஒழுங்கா சாப்பிடுறதில்லியா?” என்று கேட்டாள்.

ஆட்டிலே பால் ஒரு வருமானம் என்று நினைப்போர் உண்டு. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து மலைநாட்டிலும் உரையாற்றிய காந்தியடிகள் ஆட்டுப்பாலையே பருகிவந்தவர் என்பதால், அதற்கு ஒரு மதிப்பும் உண்டு. ஆனால் பெரியம்மாவின் ஆடுகள் குட்டிக்குப் போக ஒரு கோப்பை கொடுத்தால் அதிகம்; அது அவள் தேநீருக்கு. மெய்யான இரண்டாவது வருமானம் பட்டியின் கீழே கிடக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடுக்கப்பட்டபோது, கந்தப்பளை, நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் எருவுக்காக அலைந்தார்கள். அதுவரை ஆட்டுநாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பெரியம்மாவின் வாசலில் சாக்கோடு வந்து நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடை நீங்கியது. ஆனால் உர விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. வந்து பழகியவர்களும் வந்துகொண்டேயிருந்தார்கள். புழுக்கை காய்ந்தது, நாற்றமில்லை, மாட்டெருவை விடச் சத்து மிகுந்தது, சாக்கில் கட்டவும் இலகு. ஒரு சாக்கு 250 ரூபாய்க்குப் போயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் பெரும் போராட்டத்தின் பின் 1,000 ரூபாயானது அந்த 2021இலேதான். நான்கு சாக்குப் புழுக்கையும் ஒரு நாள் கொழுந்தும் ஒரே விலை என்று பெரியம்மா சொன்னபோது சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிக் கருப்பனைப் பற்றி. அவன் மற்ற ஆடுகளோடு சேர்ந்தவனல்லன். பேத்தி உயர்தரப் பரீட்சை எழுதப் போன காலத்தில், மேட்டு மலையில் ஒற்றை மரத்தடியிலே சூலத்தோடு நிற்கும் முனியாண்டிக்கு நேர்ந்துவிடப்பட்ட கிடாய். வாயைத் திறந்து பார்த்தேன். ஆட்டுக்கு மேல்வாய் முன்புறம் பல் கிடையாது. கீழே எட்டுப் பாற்பல். ஒன்றேகால் வயதளவில் நடுப் பல் இரண்டும் விழுந்து பெரும்பல் முளைக்கும். பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டாக. கருப்பனுக்கு நாலு பல். 40 கிலோவுக்குக் குறையான். வியாபாரி வந்ததும் முதலில் அவனைத்தான் தட்டிப் பார்த்தாராம். அவனொருவனை விற்றால் குறைகிற பணமெல்லாம் நிரம்பிவிடும்.

சிக்கல் விளங்குகிறதல்லவா? பேத்தி பரீட்சையில் தேறவேண்டுமென்று நேர்ந்த ஆடு. அவள் தேறிவிட்டாள். தேறியதால் பணம் வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் சாமிக்குக் கொடுப்பதாகச் சொன்ன ஆட்டில் இருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் ஓர் அபிப்பிராயம் உண்டு. கோயில்களில் உயிர்ப்பலி எனக்கு உடன்பாடன்று. இந்து ஆலயங்களில் மிருகபலியைத் தடைசெய்யும் சட்டமொன்றை வரைய 2018இல் அமைச்சரவை இணங்கிய செய்தியைப் படித்து மகிழ்ந்தவன் நான். ஆகவே கருப்பனை விற்றுவிடும்படி சொல்ல எனக்கு நியாயம் இருந்தது. ஆனால் சற்று நினைத்துப் பார்த்தேன். சாமிக்கு வெட்டக் கூடாது என்று சொல்லும் நான், வியாபாரிக்கு விற்றுவிடு என்று சொல்லும்போது, ஆட்டுக்கு என்ன வித்தியாசம்? இந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் ஒழுங்கான விடையில்லை. பெரியம்மாவோ அந்த வழியில் யோசிக்கவேயில்லை. “சொன்ன சொல்லு சொன்னதுதான் தம்பி. வெட்டுறதா, காதுல வெட்டி மலையில விடுறதா, அது பூசாரியும் சாமியும் பாத்துக்கட்டும். விக்கிறது மட்டும் இல்ல” என்றாள்.

ஆகவே மூன்று குட்டிகள், 95,000 ரூபாய். வியாபாரி மதித்தது தலைக்கு 25,000, மொத்தம் 75,000.

அன்றிரவு எனக்கொரு யோசனை வந்தது. பேத்தியிடம் தையற்காரரின் அளவு நாடா இருந்தது. தராசு இல்லாத இடத்தில் ஆட்டின் நிறையை அறிய ஒரு வழி உண்டு. முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்கவேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பின் தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் வருவது இறாத்தல். பெரிய குட்டிக்கு நெஞ்சு 26 அங்குலம், நீளம் 25. 26ஐ 26ஆல் பெருக்க 676; அதை 25ஆல் பெருக்க 16,900; 300ஆல் வகுக்க 56 இறாத்தலும் சொச்சமும்; அதாவது இருபத்தைந்தரைக் கிலோ. குப்பி விளக்கில்லை, மின்விளக்கு. ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்திய என் இரவுகள் போலவே இருந்தது. குட்டியைப் பிடித்துக்கொண்டு பேத்தி கணக்கைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

மறுநாட் காலை வியாபாரி வந்தார். அட்டன் பக்கத்து முஸ்லிம் பெரியவர். இருபது வருஷமாய் இந்தத் தோட்டங்களில் ஆடு வாங்குகிறவர். அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்து நான் போயிருந்தேன், அது தவறு. இஸ்தோப்பிலே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே தம் கணக்கைச் சொன்னார். “சேர், இருபத்தாறு கிலோ ஆட்ட அறுத்தா இறைச்சி பன்னெண்டு கிலோதான் நிக்கும். பாதிக்கும் குறைச்சல். தலை, காலு, ஈரல் வேற. லொறியில ஏத்தி இறக்கினா ஒரு கிலோ ரெண்டு கிலோ வத்திப்போகும். கால்நடை டாக்டர்ட துண்டு, கிராம சேவகர்ட துண்டு, அதுக்கு ரெண்டு நாள் நடக்கணும். ஒண்டு செத்தா என்ட கணக்கு.” சொன்னதில் பொய்யொன்றும் இல்லை. மதிப்பு விலையென்பது இந்த ஐயங்கள் எல்லாவற்றையும் விற்பவர் தலையில் முன்கூட்டியே இறக்கிவைப்பது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கண்ணால் மதிப்பவர் தமக்கு நட்டம் வரும்படி மதிப்பதில்லை.

பெரியம்மா ஒன்றும் வாதாடவில்லை. “நிறுத்து வாங்குங்க நானா” என்றாள்.

“கறிக்கடையா அம்மா இது? உசிரோட நிக்கிற ஆட்ட யாரு நிறுக்கிறது?”

“முப்பத்தெட்டு வருஷம் நான் பறிச்ச கொழுந்த ஒரு நாளைக்கு மூணு தடவ நிறுத்தாங்க. என்னய நம்பி ஒரு நாளும் கண்ணால பாத்து எழுதல. இப்ப நான் நிறுக்கச் சொல்றேன்.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மரக்கறி சேர்க்க வரும் லொறிக்காரரிடம் தொங்கு தராசு ஒன்று இருந்தது. அதைப் பட்டியின் முகட்டுக் கம்பில் மாட்டினோம். உரச் சாக்கில் நாலு ஓட்டை வெட்டி, ஆட்டின் கால்கள் நான்கும் வெளியே தொங்க, தூளிபோல் கட்டித் தூக்குவது உபாயம். அதற்கு முன்பே பெரியவர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: தீனியும் தண்ணீரும் கொடுக்குமுன் வயிறு காய்ந்த நிறையே எடுக்கவேண்டும். நியாயமான நிபந்தனை. வயிறு நிறையத் தின்று தண்ணீர் குடித்த ஆடு ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும். அதை அறிந்து உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டி விற்பவர்களும் உண்டு. பெரியம்மா இரவே தீனித்தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

முதற் குட்டி ஏறியது. கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள். முள் 27இல் நின்றது.

“சாக்குக்குக் கழிக்கணும்” என்றார் பெரியவர்.

“கழிங்க. சாக்கும் கயிறும் ஒரு கிலோ. ஒண்டு கழிங்க, ரெண்டு கழிக்காதீங்க” என்றாள் பெரியம்மா. வெறுஞ் சாக்கைத் தராசில் மாட்டிக் காட்டினாள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அவள் கொழுந்து பறித்த காலத்தில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்தது எத்தனை கிலோ என்று பக்கத்தில் நின்ற கிழவிகள் இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது பழைய கதை. எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம்.

26, 23, 21. மொத்தம் 70 கிலோ. நாடாவால் அளந்த குட்டி அரைக் கிலோ வித்தியாசத்தில் வந்ததைப் பேத்தி எல்லோருக்கும் காட்டினாள். அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததைவிட அதில் சந்தோஷம். உயிர்நிறை கிலோவுக்குப் பெரியவர் 1,200 என்றார். பெரியம்மா 1,350 என்றாள். பத்து நிமிஷம் இருவரும் மழையைப் பற்றியும் வீதியைப் பற்றியும் பேசினார்கள். பிறகு 1,300 என்று முடிந்தது. 91,000 ரூபாய். மதிப்பு விலையை விட 16,000 அதிகம். பெரியவர் முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுத்தார். “அடுத்த முறை நான் தராசோட வாறன். எனக்கும் சண்டை மிச்சம்” என்றார். போகும்போது கருப்பனை மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

“அது சாமி ஆடு நானா.”

“தெரியும், தெரியும். சும்மா பாத்தன்.”

குறைந்தது 4,000. நான் சட்டைப்பையில் கை வைத்தேன். பெரியம்மா பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன். பட்டியின் கீழே காய்ந்து கிடந்ததை அன்று பகல் முழுவதும் மூவருமாக அள்ளிக் கட்டினோம். கல்லூரியிலே சுண்ணக்கட்டி பிடிக்கும் கைக்கு மண்வெட்டி லேசில் இணங்கவில்லை. பதினைந்து சாக்குத் தேறியது, லொறிக்காரரே வாங்கிக்கொண்டார். 3,750 ரூபாய். மீதி 250ஐ நான் நீட்டியபோது, “சரி, அத மட்டும் குடு” என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாலையில் இடியோடு மழை கொட்டியது. குட்டிகளைக் காணாமல் தாய் ஆடுகள் மூன்றும் இருட்டும் வரை கத்திக்கொண்டிருந்தன. அக்கா நனைந்துகொண்டே புற்கட்டோடு வந்து, கணக்கு மறந்தவளாய் எட்டு ஆட்டுக்குரிய தீனியையும் தொட்டியில் போட்டாள். மிஞ்சியதைக் கருப்பன் நிதானமாய்த் தின்று தீர்த்தான்.

அன்றிரவு நானொரு கேள்வி கேட்டேன். பெட்டைகளில் கிழடான செவலையை விற்றிருக்கலாமே, அதற்கு ஏழு வயதாகிறதே என்றேன். கடைவாய்ப் பல் தேய்ந்துபோன ஆட்டைக் கழித்துவிட வேண்டுமென்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அது சரியான விதிதான். பல் போனால் தீனி அரைபடாது; பால் வற்றும்; குட்டி மெலியும். பெரியம்மா மறுக்கவில்லை. “இந்த ஈத்தோட சரி” என்றாள். போன ஈற்றிலும் இதையே சொன்னாளென்று பேத்தி பின்னாலிருந்து சைகை காட்டினாள்.

சனிக்கிழமை காலை புறப்பட்டேன். தீபாவளிக் கூட்டத்தில் அட்டன் நகரம் நகர இடமின்றி இருந்தது. புகையிரதத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் சற்று நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக எழுந்து வேறிடம் தேடிக்கொண்டார். ஆட்டு வாடை அவ்வளவு இலேசில் போகாது. என் மனைவியும் அதையே சொன்னாள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் பேத்தி யாழ்ப்பாணத்திலிருந்து பேசினாள். அங்கே வெயில் தாங்கவில்லையாம்; வேலிக்கு வேலி ஆடு நிற்கிறதாம், யாரும் பரண் கட்டுவதில்லையாம். பேச்சு முடியும் தறுவாயில், “மாமா, செவலை ரெண்டு குட்டி போட்டிருக்கு. ரெண்டும் பெட்டை. அம்மாச்சி அடுப்பங்கரையில வச்சிருக்காங்க” என்றாள். கருப்பனைப் பற்றிக் கேட்டேன். மாசியில் பூசை என்று பூசாரி நாள் சொல்லியிருக்கிறாராம். அதற்குள் லீவு கிடைக்குமா என்று பார்க்கிறாளாம்.